உங்கள் அளவுகருவிக்குச் சான்றிதழ் இருக்கிறதா?

கோவை வட்டாரப் பொறியியல் கல்லூரிகளுக்கு ஆள் எடுக்க வரும் நிறுவனங்களின் மனிதவளத் துறையினருக்கு,

வணக்கம்.

நான் இந்த வட்டாரத்துக் கல்லூரி ஒன்றில் இயந்திரவியல் ஆசிரியன். இருபத்திரண்டு ஆண்டுகளாக அளவியல் நடத்துகிறேன். பாகங்களைத் துல்லியமாக அளப்பது பற்றிய பாடம்; மாணவர்கள் வாயில் அது மெட்ராலஜி. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் வேலைவாய்ப்புப் பிரிவையும் சேர்த்து என் தலையில் கட்டினார்கள். உங்களில் பலருக்கு ரயில் நிலையத்துக்குக் கார் அனுப்பியவனும், மதியச் சாப்பாட்டின்போது ரசம் காரமாக இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு நின்றவனும் நான்தான். அந்த உரிமையில், ஆள் எடுக்க நீங்கள் வைக்கும் ஆளுமைத் தேர்வைப் பற்றி எழுதுகிறேன். படித்து முடித்ததும் கோபம் வந்தால், அதற்கும் தயாராகவே இருக்கிறேன்.

சென்ற ஆகஸ்டில் ஒரு நிறுவனம் எங்கள் கல்லூரிக்கு வந்தது. காலையில் கணக்கும் தர்க்கமும் ஆன பிறகு, பதினொரு மணிக்குக் கணினித் திரைகளில் ஆளுமைத் தேர்வு விரிந்தது. தொண்ணூறு வாக்கியங்கள். ஒவ்வொன்றின் கீழும் 'முழுமையாக ஏற்கிறேன்' தொடங்கி 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை ஐந்து வட்டங்கள். எல்லாம் ஆங்கிலத்தில். நான் கண்காணிப்பாளன். மூன்றாவது வரிசையில் ஒரு மாணவி கை தூக்கினாள். அவள் திரையில் இருந்த வாக்கியம் 'ஐ ஆம் த லைஃப் ஆஃப் த பார்ட்டி'. கொண்டாட்டத்தில் எல்லோரையும் கலகலப்பாக வைப்பவர் நான் என்று பொருள்.

"சார், எங்கள் வீட்டில் யாருமே கட்சியில் இல்லை. இதற்கு என்ன போடுவது?"

தர்மபுரி மாவட்டத்தில் அரூர்ப் பக்கத்துப் பெண். அவள் வாழ்க்கையில் பார்ட்டி என்றால் கொடி கட்டிய ஜீப்பில் வருவதுதான். விளக்கம் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. கொஞ்ச நேரம் திரையையே பார்த்துவிட்டு நடு வட்டத்தை அழுத்தினாள். அவளுடைய கலகலப்புக் குணம் அந்த இடத்தில் அளக்கப்பட்டுவிட்டது.

அதே வரிசையின் கோடியில் ஒரு மாணவன் இருந்தான். அதற்குச் சில மாதங்களுக்கு முன் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஒரு பழைய லேத், அதாவது கடைசல் இயந்திரம், தகராறு செய்துகொண்டிருந்தது. சென்டர்களுக்கு நடுவே மாட்டிக் கடைந்தால் உருளை நேராக வராமல் ஒரு முனை பருத்தும் மறு முனை சிறுத்தும் வந்தது. பெட் தேய்ந்துவிட்டது, இனி இதற்குச் செலவு செய்வது வீண் என்று எங்கள் டெக்னீஷியன் கைகழுவிவிட்டார். இந்தப் பையன் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் டெஸ்ட் பாரை மாட்டினான், டயல் கேஜை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஓட்டினான், முள் நகர்வதைப் பார்த்தான். உருளையின் ஒரு முனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக் விலகியிருந்தது. அரை மணி நேரத்தில் சரிசெய்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனான். நாங்கள் கேட்ட பிறகுதான் என்ன செய்தான் என்றே சொன்னான்.

காலைத் தேர்வில் முதல் ஐந்து பேரில் அவன் ஒருவன். மாலைப் பட்டியலில் அவன் பெயர் இல்லை. நான் அந்த நிறுவனத்தின் அதிகாரியிடம் தொலைபேசியில் கேட்டேன்.

"அவருடைய புரொஃபைல் பொருந்தவில்லை என்று சிஸ்டம் காட்டுகிறது, சார்."

"எதனால் பொருந்தவில்லை?"

"அது எங்களுக்கே தெரியாது, சார். ஸ்கோர் மட்டும்தான் வரும். வெளி நிறுவனத்தின் தேர்வு."

நல்ல மனிதர்தான்; பொய் சொல்லவில்லை. என்னை உறுத்தியதே அதுதான். எதை அளந்தோம் என்று தெரியாமல் ஒருவர் ஒரு பையனைத் திருப்பி அனுப்புகிறார், அதை அவரால் சாதாரணமாகச் சொல்லவும் முடிகிறது.

இனி என் பாடத்துக்கு வருகிறேன். உங்கள் நிறுவனத்தின் தர ஆய்வுப் பிரிவுக்குள் ஒரு மைக்ரோமீட்டர் நுழைய வேண்டுமானால் என்னென்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா? அது சரியாக அளக்கிறது என்று சரிபார்த்த காலிப்ரேஷன் சான்றிதழ் வேண்டும். அதில் தேதி வேண்டும். அந்தத் தேதி கடந்திருந்தால் கருவியில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கிவிடுவார்கள். பிறகு கேஜ் ஆர் அண்ட் ஆர் என்று ஒரு சோதனை உண்டு. பத்து உதிரிப் பாகங்கள், மூன்று பேர், ஒவ்வொருவரும் ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று முறை அளக்க வேண்டும். ஒரே பாகத்தை ஒரே ஆள் மறுபடி அளந்தால் அதே எண் வருகிறதா, ஆள் மாறினாலும் வருகிறதா என்று பார்ப்பார்கள். அளக்கும் முறையால் வரும் தடுமாற்றம் பத்து சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. முப்பதைத் தாண்டினால் அந்த முறை குப்பைக்கு. வாகனத் தொழிலுக்குப் பாகம் செய்கிற எல்லோருக்கும் இது அன்றாடம். எட்டு ரூபாய் புஷ்ஷுக்கு இத்தனை பாடு. அதே வளாகத்தில், இரண்டு கட்டடம் தள்ளி உட்கார்ந்திருக்கும் நீங்கள், ஒரு மனிதனை அளக்கும் கருவிக்கு இதில் எதைக் கேட்டிருக்கிறீர்கள்?

கேட்டால் என்ன பதில் வரும் என்று, மெனக்கெட்டுத் தேடிப் படித்த வகையில் சொல்கிறேன்.

உங்கள் பயிற்சி வகுப்புகளில் பிரபலமான, மனிதர்களைப் பதினாறு வகையாகப் பிரித்து நாலெழுத்துப் பட்டம் கொடுக்கும் மையர்ஸ்–பிரிக்ஸ் தேர்வை எடுத்துக்கொள்வோம். அதை உருவாக்கியவர்கள் அமெரிக்காவில் ஒரு தாயும் மகளும்: கேத்தரின் பிரிக்ஸ், இசபெல் மையர்ஸ். கார்ல் யுங் 1921-இல் முன்வைத்த மனித வகைகள் பற்றிய கருத்துதான் அடித்தளம். இருவரும் முறையாக உளவியல் படித்தவர்கள் அல்லர். மகள் கல்லூரியில் படித்தது அரசியல் அறிவியல். பட்டம் இல்லாதவர் கண்டுபிடிக்கக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் ஊரில் மோட்டாரும் பம்பும் செய்து பெயர் வாங்கிய பலரும் பள்ளியைத் தாண்டாதவர்கள்தான். ஆனால் அவர்கள் செய்த பம்பு தண்ணீர் இறைத்தது. இந்தத் தேர்வு இறைக்கிறதா?

ஐந்து வாரம் கழித்து அதே ஆளுக்கு அதே தேர்வை மறுபடி வைத்தால், பாதிப் பேர்வரை குறைந்தது ஓர் எழுத்தாவது மாறிவிடுகிறது என்று ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். இதன் காரணம் என் மாணவர்களுக்குச் சட்டென்று விளங்கும். கோ–நோகோ கேஜ் என்று ஒன்று உண்டு. அதன் கோ முனை பாகத்துக்குள் போக வேண்டும், நோகோ முனை போகக் கூடாது. அதை எந்த அளவில் வைப்போம்? ஏற்கத்தக்க எல்லையில். அந்த எல்லைக்கு அருகில் வரும் பாகங்கள் குறைவாகத்தான் இருக்கும். மனிதர்களின் கூச்சமும் கலகலப்பும் உயரத்தைப் போலப் பரவியிருக்கின்றன: பெரும்பாலோர் நடுவில், இரு கோடியிலும் சிலர். இந்தத் தேர்வு கூட்டம் மொய்க்கும் அந்த நடுவிலேயே கத்தியை இறக்கி, இந்தப் பக்கம் அகமுகி, அந்தப் பக்கம் புறமுகி என்கிறது. காலையில் காபி சரியில்லை என்றால்கூட ஆள் அந்தப் பக்கம் போய்விடுவார். ராபர்ட் மெக்ரேயும் பால் கோஸ்டாவும் 1989-இல் இந்தத் தேர்வை ஆராய்ந்தபோது, மக்கள் இரண்டு தனித்தனிக் குவியலாகப் பிரிந்து நிற்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. அமெரிக்கத் தேசிய ஆய்வுக் கழகத்தின் குழு 1991-இல், தொழில் வழிகாட்டலில் இதைப் பயன்படுத்தப் போதிய தரமான ஆய்வு இல்லை என்று சொல்லிவிட்டது.

இதையெல்லாம்விட ஒன்று இருக்கிறது. இந்தத் தேர்வின் உரிமையாளர்களே, வேலைக்கு ஆள் எடுக்கவோ கழிக்கவோ இதைப் பயன்படுத்துவது முறையற்றது என்று தங்கள் நெறிமுறையில் எழுதி வைத்திருக்கிறார்கள். டப்பாவிலேயே 'வெளிப்பூச்சுக்கு மட்டும்' என்று அச்சடித்திருக்கிறது. நீங்கள் குடிக்கக் கொடுக்கிறீர்கள்.

நான்கு நிறங்கள் அல்லது நான்கு எழுத்துகளில் ஆளைப் பிரிக்கும் டிஸ்க் என்ற இன்னொன்றும் உங்களிடையே புழங்குகிறது. அதன் மூலக் கருத்து வில்லியம் மார்ஸ்டன் 1928-இல் எழுதியது. ரத்த அழுத்தத்தைக் கொண்டு பொய் கண்டுபிடிக்கும் முறையைப் பரப்பியவரும், வொண்டர் வுமன் என்ற சித்திரக்கதை நாயகியைப் படைத்தவரும் அதே மார்ஸ்டன்தான். சுவாரசியமான மனிதர். ஆனால் ஆள் எடுப்பதற்கான தேர்வு எதையும் அவர் செய்யவில்லை. அது பின்னால் வந்தவர்கள் கட்டியது.

"எல்லாம் சரி, சார், எனக்கு வந்த அறிக்கை அப்படியே என்னைப் படம்பிடித்திருந்ததே" என்று உங்களில் ஒருவர் என்னிடம் சொன்னார். இந்த நம்பிக்கையைத்தான் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1948-இல் சோதித்தார். 39 மாணவர்களுக்குத் தேர்வு வைத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ஆளுமைக் குறிப்பு கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. பிறகுதான், எல்லோருக்கும் கொடுத்தது ஒரே குறிப்பு என்று வெளியிட்டார். வாசகங்களைக் கடையில் விற்ற ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார்.

மாணவர்கள் விவரம் தெரியாதவர்கள் என்று தோன்றலாம். ராஸ் ஸ்டாக்னர் 1958-இல் இதே சோதனையை யாரிடம் செய்தார் தெரியுமா? உங்கள் தொழிலில் இருந்தவர்களிடம். 68 பணியாளர் நிர்வாகிகளிடம். ஏறத்தாழப் பாதிப் பேர் தங்களுக்கு வந்த பொதுக் குறிப்பை வியக்கத்தக்க துல்லியம் என்று பாராட்டினார்கள். மற்றவர்களில் பெரும்பாலோருக்கும் அது நன்றாகவே பொருந்தியது. ஆளை எடைபோடுவதே பிழைப்பாகக் கொண்டவர்கள்! ராசிபலன் பார்ப்பவரைக் கேலி செய்கிற நாம், அதே பலன் வண்ண வரைபடத்தோடு பி.டி.எஃப்பாக வந்தால் தலையாட்டுகிறோம். பத்துப் பொருத்தம் பார்ப்பவராவது பிறந்த நேரத்தைக் கேட்பார்.

இனி மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நானும் உங்களுக்குத் தேர்வு விற்ற வெண்டார் மாதிரி ஆகிவிடுவேன். ஆளுமை என்பது கற்பனை அல்ல. ஐந்து பெருங்குணங்கள் என்று உளவியலாளர்கள் சொல்லும் அளவீடு மையர்ஸ்–பிரிக்ஸ் மாதிரி ஆளை வகைகளாக வெட்டுவதில்லை. ஒவ்வொருவரும் ஒவ்வொரு குணத்திலும் எவ்வளவு என்று பார்க்கிறது. அதில் கடமையுணர்வு என்ற குணத்துக்கும் வேலைத்திறனுக்கும் தொடர்பு இருப்பதை பேரிக்கும் மவுண்ட்டும் 1991-இல் ஏராளமான ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். தொடர்பு இருக்கிறது, மறுக்கவில்லை. எவ்வளவு என்பதுதான் கேள்வி. பால் சாக்கெட்டும் அவருடைய குழுவினரும் 2022-இல் பழைய கணக்குகளைத் திருத்தி வெளியிட்டதில் கடமையுணர்வுக்குக் கிடைத்த எண் 0.19. ஒன்று என்றால் முழுத் தொடர்பு, பூஜ்யம் என்றால் தொடர்பே இல்லை. இந்த 0.19-ஐ வர்க்கப்படுத்துங்கள்: 0.036. அதாவது, இரண்டு பேரின் வேலைத்திறனில் ஏன் வேறுபாடு என்பதில் நூற்றுக்கு நாலு பங்கைக்கூட இது விளக்கவில்லை. அதே பட்டியலில், எல்லோரிடமும் ஒரே கேள்விகளை, ஒரே மதிப்பெண் முறையோடு கேட்கும் நேர்காணலுக்கு 0.42. வேலையையே ஒரு துண்டு செய்து காட்டச் சொல்லும் தேர்வுக்கு 0.33. எதுவும் பொன்னுரைகல் அல்ல. ஆனால் கையில் 0.42 இருக்கும்போது 0.19-ஐ வாசலில் காவலாக நிறுத்தி, அது கழித்தவர்களை நேர்காணலுக்கே விடாமல் தடுப்பது என்ன கணக்கு என்று எனக்கு விளங்கவில்லை. உங்களுக்கு வேலை குறைகிறது என்பது மட்டும் விளங்குகிறது. ஐந்நூறு பேரை நேர்காணல் செய்ய ஆள் இல்லை; தேர்வு ஐந்நூறை ஐம்பது ஆக்குகிறது. நேர்மையாக அப்படிச் சொன்னால் சீட்டுக் குலுக்கியும் ஐம்பது ஆக்கலாம். சீட்டுக்காவது அரூரும் அண்ணாநகரும் ஒன்று.

அந்த 0.19 கூட எந்த நிலையில் கிடைத்தது என்பது முக்கியம். எங்கள் அளவியல் லேபின் வெப்பநிலை 20 டிகிரி. உலகம் முழுவதும் நீள அளவுக்கு அதுதான் நிலையான வெப்பநிலை. அங்கே சரிபார்த்த கருவியை உலைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் அளந்தால் எஃகு விரிந்திருக்கும். எண் பொய் சொல்லும். வேலை வேண்டும் என்று வந்து உட்கார்ந்திருக்கிற, கல்விக் கடன் தலைக்கு மேல் இருக்கிற பையன் முன்னால் 'நான் எடுத்த வேலையை எப்போதும் முடிப்பேன்' என்ற வாக்கியத்தை வைத்தால் அவன் எந்த வட்டத்தை அழுத்துவான்? அது உலை, ஐயா. முந்தைய நாள் இரவே விடுதி வாட்ஸ்அப் குழுவில் விடைக்குறிப்பு சுற்றுகிறது, எனக்கும் வந்தது. 'குழு, தலைமை, சவால் என்று வந்தால் முதல் வட்டம். தனிமை, கோபம், கவலை என்று வந்தால் கடைசி வட்டம். எல்லாவற்றுக்கும் முதல் வட்டம் போடாதே, மாட்டிக்கொள்வாய்.' எழுதியவன் கெட்டிக்காரன். இந்தத் துறையின் முன்னணி ஆய்விதழ்களுக்கு ஆசிரியர்களாக இருந்த சிலர் 2007-இல் கூடி எழுதிய கட்டுரை, தன்னைப் பற்றித் தானே நிரப்பும் இத்தகைய தேர்வுகளை ஆள் எடுப்பதற்கு நம்புவதை மறுபரிசீலனை செய்யச் சொன்னது. போலி விடைகளைத் தடுக்க வழியில்லை என்பதைவிட, கணிக்கும் திறனே குறைவு என்பதுதான் அவர்களின் பெரிய கவலை.

கழிக்கப்பட்ட என் மாணவனிடம் என்ன போட்டாய் என்று கேட்டேன். "உண்மையைத்தான் போட்டேன், சார். புதியவர்களிடம் பேசுவது எனக்குக் கஷ்டம் என்று போட்டேன்" என்றான். விடைக்குறிப்பு அவனுக்கும் வந்திருந்தது. பார்க்கவில்லையாம். நேர்மையை அளக்கும் பிரிவும் அந்தத் தேர்வில் இருந்தது என்று பிறகு அறிந்தேன்.

வார்த்தைகளைப் பற்றியும் கொஞ்சம். ஐந்து பெருங்குணங்கள் என்பதே ஆங்கில அகராதியிலிருந்து தொடங்கிய வேலை. ஆல்போர்ட்டும் ஆட்பர்ட்டும் 1936-இல் அகராதியைப் புரட்டி, மனிதரை விவரிக்கும் ஏறத்தாழ 18,000 சொற்களைத் திரட்டினார்கள். பின்னால் வந்தவர்கள் அந்த மரபில் சொற்களைச் சுருக்கிச் சுருக்கி ஐந்தில் நின்றார்கள். பல நாடுகளில் இது பொருந்தியது, உண்மை. ஆனால் பொலிவியாவில் காட்டோரம் பயிர் செய்தும் வேட்டையாடியும் வாழும் சிமானே மக்கள் 632 பேரிடம் கேட்டு 2013-இல் வெளியான ஆய்வில் அந்த ஐந்து தனியாகப் பிரிந்து வரவில்லை. தர்மபுரி மாவட்டம் பொலிவியா அல்ல. நான் அவ்வளவு தூரம் போகவில்லை. ஆனால் உங்கள் கருவி எந்த மக்களிடம், எந்த மொழியில் சரிபார்க்கப்பட்டது என்று கேட்க எனக்கு உரிமை உண்டு. கட்சிக்கும் கொண்டாட்டத்துக்கும் வித்தியாசம் தெரியாத கருவி அந்த அரூர்ப் பெண்ணை என்னவென்று குறித்திருக்கும்?

நம் நாட்டிலேயே ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியமும் உளவியல் தேர்வு வைக்கிறது. அதன் சோதனைகளைப் பற்றியும் எனக்குக் கேள்விகள் உண்டு. ஆனாலும் அங்கே ஐந்து நாள் வைத்துப் பார்க்கிறார்கள். உளவியலாளர் ஒருவர், குழுப் பணிகளைக் கவனிப்பவர் ஒருவர், நேர்காணல் செய்பவர் ஒருவர் என்று மூன்று பேர் தனித்தனியாக மதிப்பிட்டுப் பிறகு கூடிப் பேசுகிறார்கள். உங்களிடம் இருபது நிமிடம், ஒரு மவுஸ்.

நான் கேட்பது பெரிதல்ல. எங்கள் கல்லூரிக்கு வரும் ஒவ்வொரு நிறுவனமும் ஒரு படிவம் நிரப்புகிறது: சம்பளம், பணியிடம், ஒப்பந்தக் காலம். இந்த ஆண்டு முதல் அதில் நான் இன்னொரு கட்டம் சேர்த்திருக்கிறேன். ஆளுமைத் தேர்வு உண்டா? அது எதை அளக்கிறது? உங்கள் நிறுவனத்தில் அந்தத் தேர்வில் அதிகம் வாங்கிச் சேர்ந்தவர்கள், குறைவாக வாங்கிச் சேர்ந்தவர்களைவிட வேலையில் சிறந்தார்களா என்று ஒருமுறையாவது பார்த்தீர்களா? கழிக்கப்பட்டவருக்குக் காரணம் சொல்வீர்களா? முன்னணி நிறுவனம் கோபித்துக்கொண்டு போய்விடும் என்று எங்கள் நிர்வாகம் பயப்படுகிறது. அந்தப் பயம் நியாயமானது. கட்டத்தைக் காலியாக விட்டாலும் கணினி அறையைத் திறந்துவிடுவேன், மின்விசிறியைப் போட்டுவைப்பேன். ஆனால் கட்டம் காலியாக இருந்தது என்பதை மாணவர்களிடம் சொல்லிவிடுவேன். தேர்வை நேர்காணலுக்குப் பிறகு, கூடுதல் தகவலாக மட்டும் வைத்துக்கொள்வோம் என்று எழுதிக் கொடுப்பவர்களுக்கு அறையும் கூடுதலாக ஒரு நாளும் தருகிறேன். வேலைத் துண்டு கொடுத்துச் சோதிக்க விரும்பினால் ஒர்க்‌ஷாப் முழுவதும் உங்களுடையது. கெட்டுப்போன இயந்திரத்துக்கு எங்களிடம் பஞ்சமில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வரும்போது உங்கள் தர ஆய்வுப் பிரிவிலிருந்து ஒருவரையும் காரில் ஏற்றி வாருங்கள். தேர்வு விற்ற நிறுவனம் உங்களுக்குக் கொடுத்த விளக்கப் புத்தகத்தையும் எடுத்து வாருங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் மெட்ராலஜி லேபில் உட்காருவோம். புத்தகத்தை அவரிடம் கொடுத்து, இப்படி ஒரு கருவி வாங்கலாமா என்று மட்டும் கேளுங்கள். நான் வாயைத் திறக்க மாட்டேன்.

இப்படிக்கு,
அளவியல் ஆசிரியர், வேலைவாய்ப்புப் பிரிவுப் பொறுப்பாளர்